மாமா ஏறும் வண்டி

அந்தக் கண்ணாடிக் கடைக்கு ஒரு லாரியும் ஒரு வேனும் இருந்தன. காலையில் சரக்கு ஏற்றி முடிந்ததும் மாமா எந்த வண்டியில் ஏறுகிறார் என்பது பெரிய மாப்பிள்ளைக்கு உலக விஷயம். கடையில் வேறு யாரும் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. இவர் மட்டும் பல் தேய்க்கும்போதே நினைக்கத் தொடங்கிவிடுவார்.

மாமா என்றால் கடை முதலாளி, இவருக்குப் பெண் கொடுத்தவர். அவருக்கு இரண்டும் பெண்கள். மூத்தவளைக் கட்டிய இவர் லாரி ஓட்டினார். இளையவளைக் கட்டியவன் போன வருஷம்தான் வந்து சேர்ந்தான், அவனுக்கு வேன். மாமா தானே அறுத்து, தானே ஏற்றி, தானே மாட்டிக்கொண்டிருந்த மனுஷர். இப்போது முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. ஆனாலும் கடையில் சும்மா உட்கார அவருக்கு வராது. கண்ணாடி வெளியே கிளம்பினால் கூடவே அவரும் கிளம்பிவிடுவார்.

அவர் போகிற விதமே தனி. ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் ஏறி உட்காருவார். முதுகுக்குப் பின்னால் இருக்கிற சின்ன ஜன்னலைத் தள்ளித் திறப்பார். ஒரு கையைப் பின்னால் விட்டு, கண்ணாடிகளைச் சாய்த்து வைக்கிற மரச்சட்டத்தின்மேல் உள்ளங்கையைப் பதித்துக்கொள்வார். டாக்டர் நாடி பிடிக்கிற மாதிரிதான். கொஞ்ச தூரம் போனதும், "மெதுவா, நடுவுல ஒண்ணு ஆடுது" என்பார். இறங்கிப் பார்த்தால் நடுவில் ஒன்றுக்குக் கயிறு தளர்ந்திருக்கும்.

இத்தனை வருஷமாக அந்த உள்ளங்கை லாரியில்தான் இருந்தது. வேன் சில்லறைச் சாமான்களுக்கு. குளியலறைக் கண்ணாடி, அலமாரிக் கதவு, போட்டோ சட்டம். அதற்கு யார் நாடி பிடிக்கப் போகிறார்கள்? ஆனால் சின்ன மாப்பிள்ளை வந்த பிறகு மாமா வேனில் ஏற ஆரம்பித்தார். முதல் நாள் ஏறியபோது, புது ஆளுக்கு வேலை காட்டப் போகிறார் என்று பெரிய மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார். மறுநாளும் ஏறினார். அதற்கு மறுநாள் லாரியில் பெரிய பெரிய ஜன்னல் கண்ணாடிகள் நின்றிருந்தன. மாமா லாரியைச் சுற்றி வந்து கயிறுகளை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "சரி, நீங்க கிளம்புங்க மாப்பிள்ளை" என்றார். போய் வேனில் ஏறிக்கொண்டார்.

பக்கத்து சீட்டில் சாப்பாட்டுத் தூக்கை வைத்துக்கொண்டு லாரியை ஓட்டிப்போனார் பெரிய மாப்பிள்ளை. அன்றைக்குத் தொடங்கிய எரிச்சல் அது.

பொறாமை என்றால் பெரிய சொத்துக்கும் பதவிக்கும்தான் வரும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பஞ்சு பிதுங்கிய ஒரு சீட்டுக்கும் வரும். வந்துவிட்டால் ராஜாவுக்கு வருகிற அளவேதான் வரும், குறைத்துக்கொண்டெல்லாம் வராது.

இதற்கெல்லாம் காரணம் சின்னவன் வைத்திருந்த போன்தான் என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

லாரியின் முன்கண்ணாடியில் ஒரு பெட்டி ஒட்டியிருக்கும். வழி சொல்கிற பெட்டி. பழைய லாரி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் மாமாவே கடைக்குப் போய், விசாரித்து, பெரிய வண்டிக்காரர்களுக்கென்று செய்ததாகப் பார்த்து வாங்கி வந்து, "மாப்பிள்ளைக்கு" என்று கையில் கொடுத்தது. வண்டியின் உயரம், நீளம், எடை எல்லாவற்றையும் அதில் பதிந்துவிட்டால் போதும். சந்து பொந்தில் கொண்டுபோய் மாட்டாது. தாழ்ந்த பாலத்தின் பக்கமே அனுப்பாது. பழைய லாரியை விற்றபோது, மற்ற எதையும் விட, அந்தப் பெட்டியைத்தான் அவர் பத்திரமாகப் பிடுங்கி எடுத்து இந்த லாரியில் ஒட்டினார். தினமும் மெல்லிய துணியால் அதன் முகத்தைத் துடைப்பார். அதில் ஒரு பெண் குரல் வரும். "இன்னும் சற்று தூரத்தில் வலப்புறம் திரும்பவும்" என்று பாடப் புத்தகம் மாதிரி பேசும்.

சின்ன மாப்பிள்ளைக்குப் பெட்டியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. முன்பு பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருந்தவன். கையில் ஒரு போன், ஓரம் விரிசல் விட்டது. அதை வேனின் வேகம் காட்டுகிற முள்ளுக்கு முன்னால் ஒரு ரப்பர் வளையத்தில் செருகிவிடுவான். சத்தத்தை நிறுத்தி வைத்திருப்பான். எந்தச் சாலையில் நெரிசல், எங்கே தோண்டிப் போட்டிருக்கிறார்கள், எந்த முக்கில் இப்போது வண்டி மோதி நிற்கிறது, எல்லாம் அந்த நிமிஷமே அதில் சிவப்பாகத் தெரியும். பெட்டிக்கு அது தெரியாது. கம்ப்யூட்டரில் செருகிப் புது வரைபடம் ஏற்ற வேண்டும் என்பார்கள். கடைக் கம்ப்யூட்டர் படுத்து வெகுகாலம் ஆயிற்று. ஊரில் புதிதாகக் கட்டிய மேம்பாலத்தில் லாரி போகும்போதெல்லாம், பெட்டியின் திரையில் அது வெட்டவெளியில் பறந்துகொண்டிருக்கும். அந்தப் பெண்ணும் பதறிப்போய், "சாலைக்குத் திரும்பவும், சாலைக்குத் திரும்பவும்" என்று கெஞ்சும்.

"அண்ணே, உங்க பெட்டில இருக்கிறது போன தலைமுறை ஊரு" என்று ஒருநாள் சின்னவன் சொன்னான். கேலியாகச் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொன்னான். ஆனால் பக்கத்தில் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்த ஆள் சிரித்தார். அவரைக் கடையில் எல்லோரும் கீறல் என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடியில் ஒரு கீறல் போட்டுத் தட்டினால் சொன்னபடி உடையும், அப்படியொரு கை. நாக்கும் அதே பதம்.

"பெட்டிக்காரரே, கொஞ்சம் வெலகுங்க, வெளிச்சம் மறைக்குது" என்றார் கீறல். அன்றிலிருந்து கடையில் பெரிய மாப்பிள்ளைக்குப் பெட்டிக்காரர் என்று பெயர்.

சின்னவனுக்கும் அந்த போனால் அவஸ்தை இருக்கத்தான் செய்தது. ஓட்டிக்கொண்டிருக்கும்போது மனைவி கூப்பிட்டால் வரைபடம் போய் அவள் முகம் வந்து நிற்கும். ஒருமுறை அப்படித்தான், வீட்டுக்கு வரும்போது சோப்பு வாங்கி வரச் சொல்லி அவள் கூப்பிட, திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், கண்ணாடிகளுக்கு ஊர் எல்லை வரை சுற்றிக் காட்டிவிட்டு வந்தான். அதைக் கேட்ட அன்றைக்குப் பெரிய மாப்பிள்ளை இரண்டு டீ சேர்ந்தாற்போலக் குடித்தார். ஆனால் என்ன பிரயோஜனம்? வேனிலிருந்து இறங்கிய மாமா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "டேய், அடுத்த தடவை சோப்புக் கடைக்கே வழி போடுடா" என்று அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

டேய். டா. முதுகில் தட்டு.

பெரிய மாப்பிள்ளைக்கு இன்றுவரை "நீங்க"தான், "வாங்க மாப்பிள்ளை"தான். மரியாதை என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அது விருந்தாளிக்குப் போடுகிற நாற்காலி மாதிரி தெரிந்தது.

வீட்டில் மனைவியிடம் சொல்லிப் பார்த்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா இப்பல்லாம் லாரில ஏர்றதே இல்ல."

"கால் வலி இருக்கும். வேன் தாழ்வா இருக்கு, ஏற சுலபம்."

"அப்படி ஒண்ணும் தெரியல. குதிச்சு ஏர்றாரு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "புது மருமக வந்த மாமியார் மாதிரி மூஞ்சிய வச்சிருக்கீங்களே, எனக்கே பாவமா இருக்கு."

"நான் ஒண்ணும் வைக்கல."

"அம்மா போனதுக்கப்புறம் அப்பா இப்பதான் வாய்விட்டுச் சிரிக்கிறாரு. யார் சிரிக்க வச்சா என்ன? உங்களுக்கு வேணும்னா நீங்களும் ஒரு ஜோக்கு சொல்லுங்களேன்."

அவருக்கு ஜோக்கு சொல்ல வராது. அது அவளுக்கும் தெரியும். அன்றைக்குப் படுக்கையில் புரண்டு புரண்டு ஒரு ஜோக்கு யோசித்தார். யோசித்ததை அவரே ரசிக்கவில்லை.

இப்படி நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் நாட்டியப் பள்ளிக்கூடத்து வேலை வந்தது.

ஊரின் மறுகோடியில் புதிதாகக் கட்டிய இடம். ஒரு சுவர் முழுக்க ஆளுயரத்துக்கு மேலே முகம் பார்க்கும் கண்ணாடி பதிக்க வேண்டும். கடையில் இதுவரை அத்தனை பெரிய வேலை வந்ததில்லை. ஓரங்களை மாமா தன் கையாலேயே தேய்த்து மழுக்கினார். ஏற்றுகிற அன்று காலை எல்லோரும் பேச்சைக் குறைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். லாரியில் மரச்சட்டத்தின் இரண்டு பக்கமும் கண்ணாடிகளைச் சாய்த்து நிறுத்தி, இடையில் கம்பளித் துணி கொடுத்து, கயிறு போட்டுக் கட்டினார்கள். வெளிப்பக்கம் முகம் காட்டி நின்ற கண்ணாடிகளில் தெருவே இரண்டாகத் தெரிந்தது.

இன்றைக்கு மாமா லாரியில்தான் ஏறியாக வேண்டும் என்று பெரிய மாப்பிள்ளைக்கு உறுதியாகத் தெரியும். பக்கத்து சீட்டைத் தட்டித் துடைத்து வைத்திருந்தார். தூக்குப் பாத்திரத்தைக் காலடிக்குத் தள்ளிவிட்டார். பின்ஜன்னல் சிக்குமே என்று அதன் தடத்தில் இரண்டு சொட்டு எண்ணெய்கூட விட்டிருந்தார்.

"முகவரியைப் போடுங்க" என்றார் மாமா.

போட்டார். பெட்டி யோசித்தது. "தாங்கள் கேட்ட தெரு காணப்படவில்லை" என்றது.

மறுபடி போட்டார். மறுபடியும் காணப்படவில்லை. மாமா, சின்னவன், கீறல், தூக்க வந்த ஆட்கள், அத்தனை பேரும் லாரிக் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தெருவே இல்லேங்குதா?" என்றார் கீறல். "அப்ப நாம யாருக்குப்பா கண்ணாடி அறுத்தோம்?"

சின்னவன் போனைத் தட்டினான். நீல நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. "இதோ இருக்கு மாமா. ரயில் பாதைக்கு அடியில போயி, அந்தப் பக்கம் ஏறினா வந்துடும். நெரிசலும் இல்ல."

"அப்ப நீ முன்னாடி போ. நானும் உன்கூட வந்து இடத்தைக் காட்டுறேன். மாப்பிள்ளை, நீங்க எங்க பின்னாடியே வந்துடுங்க" என்றார் மாமா. வேனை நோக்கி நடந்தார். கடையிலேயே பெரிய சரக்கு லாரியில் இருக்க, ஆணியும் பசை டப்பாவும் ஏற்றிய வேனில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பெரிய மாப்பிள்ளை லாரியில் ஏறினார். கதவை ஓங்கி அறையத்தான் தோன்றியது. பின்னால் நின்ற கண்ணாடிகளுக்கு வலிக்குமே என்று மெதுவாகச் சாத்தினார்.

தெரு கிடைக்காவிட்டால் பக்கத்துச் சாலை கிடைக்காதா? பள்ளிக்கூடத்துக்கு அருகே இருக்கிற பெரிய நாற்சந்தியைப் பெட்டியில் போட்டார். அது உடனே வழி காட்டியது. ஊரைச் சுற்றிக்கொண்டு, ஆற்றோரமாகப் போகிற நீண்ட வழி. ரயில் பாதை இருக்கிற இடத்தில் சிவப்பாக ஒரு முக்கோணம் மின்னியது. அதைத் தொட்டார். "உயரத் தடை. தங்கள் வாகனம் இப்பாலத்தின் அடியில் செல்ல இயலாது."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வேன் இன்னும் கிளம்பவில்லை. சின்னவன் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "அண்ணே, போலாமா?" என்று கேட்டான். ஒரே ஒரு வார்த்தை போதும். அந்த வழி லாரிக்கு ஆகாது தம்பி, சுத்திக்கிட்டுப் போவோம். அவ்வளவுதான். சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் வேறொரு காட்சி புகுந்துகொண்டது. பாலத்தின் முன்னால் லாரி நிற்கிறது. வேன் தாண்டிப் போய்விட்டது. மாமா இறங்கி ஓடி வருகிறார். நல்லவேளை மாப்பிள்ளை, நீங்க நிறுத்துனீங்க, இந்தப் பயல நம்பி வந்தேனே என்கிறார். சொல்லிவிட்டு லாரியில் ஏறுகிறார்.

"போலாம் தம்பி" என்றார் பெரிய மாப்பிள்ளை.

வழியெல்லாம் பெட்டி அவரிடம் மன்றாடியது. திரும்பவும், வலப்புறம் திரும்பவும், முடிந்தால் திரும்பிச் செல்லவும். அவர் அதற்கு, "இரும்மா, இரும்மா" என்று சமாதானம் சொல்லிக்கொண்டே வேனின் பின்னால் போனார். முன்னால் வேனுக்குள் இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று ஆடி ஆடிப் பேசியது, இன்னொன்று பின்னால் சாய்ந்து சிரித்தது. சிரி, சிரி என்று நினைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம்தான்.

பாலத்துக்குப் போகிற தெரு குறுகல். இரண்டு பக்கமும் கடைகள், நடுவில் இறக்கம். இறக்கத்தின் அடியில் பாலம் இருட்டாக வாயைத் திறந்து வைத்திருந்தது. வேன் உள்ளே போய் அந்தப் பக்கம் ஏறிவிட்டது. பெரிய மாப்பிள்ளை பாலத்துக்கு முன்னால் லாரியை நிறுத்தி, கைபிரேக்கை இழுத்து, விளக்கை மினுக்கவிட்டார்.

பின்னால் ஹாரன் தொடங்கியது. முதலில் ஒன்று. பிறகு கச்சேரி. எதிர்ப்பக்கத்து வண்டிகளும் வந்து முட்டிக்கொண்டு நின்றன. லாரியில் சாய்த்து நிறுத்திய கண்ணாடிகளில் அவரவர் கோப முகம் அவரவருக்கே தெரிந்தது. மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் திட்டிக்கொண்டே வந்து, கண்ணாடியைப் பார்த்ததும் திட்டுவதை நிறுத்திவிட்டுத் தலையைச் சீவிக்கொண்டான்.

போன் அடித்தது.

"அண்ணே, எங்க இருக்கீங்க? பின்னாடி காணோமே?"

"பாலத்துக்கு முன்னாடி நிக்கிறேன் தம்பி. லாரி போகாது."

"ஏண்ணே?"

"உயரம் இடிக்கும். உன் போன் சொல்லலையா?" கேட்கும்போது குரலில் ஒரு தேன் ஒழுகியது, அவருக்கே கேட்டது.

மாமா வந்தார். மடங்காத முழங்காலை இழுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தார். பின்னாலேயே சின்னவன். காலையில் மனசுக்குள் பார்த்த காட்சியில் மாமாவுக்கு மூச்சு வாங்கவில்லை. இங்கே வாங்கியது. அவர் யாரையும் பாராட்டவில்லை, யாரையும் திட்டவுமில்லை. சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார்.

"டேய், இதைத் தரையில பிடி."

சின்னவன் குனிந்து நுனியைப் பிடித்தான். மாமா லாரியின் படியில் ஏறி, மரச்சட்டத்தின் உச்சி வரைக்கும் நாடாவை இழுத்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பாலத்தின் நெற்றியில் எழுதியிருந்த உயரத்தைப் பார்த்தார். மறுபடி நாடாவைப் பார்த்தார்.

"ஒரு சாணுக்கு மேலேயே இடம் இருக்கு" என்றார்.

"இருக்காது மாமா. பெட்டி..."

"பெட்டில என்ன உயரம் போட்டு வச்சிருக்கீங்க?"

பெரிய மாப்பிள்ளை திரையைத் தொட்டு, உள்ளே போய், வண்டியின் விவரம் இருக்கிற பக்கத்தைத் திறந்தார். எண்ணைப் படித்தார். மறுபடி படித்தார். அது பழைய லாரியின் உயரம். கூண்டு கட்டிய, தலை பெருத்த, எப்போதோ விற்றுவிட்ட லாரி. பெட்டியைப் பிடுங்கி ஒட்டினாரே தவிர, புது லாரியை அளந்து பதியவில்லை. அந்தப் பெண் பாவம், இல்லாத ஒரு லாரிக்கு இத்தனை நாளாக வழி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். ஆற்றோரச் சாலையில் சுற்றியதெல்லாம், எல்லா இடத்துக்கும் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததெல்லாம், அந்தப் பூத வண்டிக்காகத்தான்.

மயிரிழை பிசகாமல் கண்ணாடிக்கு அளவெடுக்கிற கடை அது. ஜன்னலை ஒரு தடவைக்கு மூன்று தடவை அளந்துவிட்டுத்தான் அறுப்பார்கள். அந்தக் கடையின் மூத்த மாப்பிள்ளை தன் வண்டியை அளக்கவில்லை.

சின்னவன் சிரிப்பான் என்று அவர் காத்திருந்தார். அவன் சிரிக்கவில்லை. "பரவால்லண்ணே, என் போனுக்கு உயரமே தெரியாது. இடிச்சிருந்தாலும் அது பாட்டுக்குப் போன்னுதான் சொல்லியிருக்கும்" என்றான். அது இன்னும் மோசமாக இருந்தது. சிரித்திருந்தால் கோபித்துக்கொண்டிருக்கலாம்.

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் மாமா அவனிடம். "உன் போனுக்கு இது லாரியா சைக்கிளான்னுகூடத் தெரியாது. நீயும் கேக்கல. நானும் கேக்கல." பிறகு பெரிய மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. "இந்தப் பாலம் ஆகாதுன்னு பெட்டி எப்பச் சொல்லிச்சு?"

இதை மட்டும் அவர் எதிர்பார்க்கவில்லை. இப்பத்தான் என்று சொல்லலாம். சொன்னால் நம்பிவிடுவார். மாமாவின் கையில் நாடா இன்னும் நீண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"கடையிலயே" என்றார்.

மாமா படியிலிருந்து இறங்கி நின்றார்.

"தெரிஞ்சும் வந்தியா?" என்றார் மாமா. "கண்ணாடிய ஏத்திக்கிட்டு, பின்னாடி எடுக்கக்கூட முடியாத சந்துக்குள்ள, ஆகாதுன்னு தெரிஞ்சும் வந்து நின்னியா? எதுக்குடா?"

இத்தனை வருஷமாக ஏங்கிய "டா" வந்துவிட்டது. வந்த வேளை அப்படி. பெரிய மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குன்னு கேக்குறேன்."

"நீங்க... நீங்க இறங்கி வருவீங்கன்னுதான்" என்றார்.

சின்னவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பின்னால் யாரோ, "குடும்பக் கதைய வீட்ல போயிப் பேசுங்கய்யா" என்று கத்தினான். மாமா நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டார்.

"முதல்ல பாலத்தைத் தாண்டுவோம்."

சின்னவன் லாரியைப் பார்த்தபடி பாலத்துக்குள் பின்னோக்கி நடந்து, இரண்டு கையையும் தூக்கி, "வாங்கண்ணே, வாங்க, அப்படியே வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டு போனான். மாமா லாரியின் பக்கத்திலேயே, சட்டத்தின்மேல் கை வைத்தபடி நடந்தார். பெரிய மாப்பிள்ளை மாடு நடக்கிற வேகத்தில் ஓட்டினார். பெட்டி, "நிறுத்தவும், நிறுத்தவும்" என்று அலறியது. தலைக்கு மேலே கல் வளைவு நெருங்கி வந்தது, நெருங்கியபடியே நகர்ந்தது, பின்னால் போய்விட்டது. வெளிச்சம் வந்தது. கண்ணாடிகள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் வானம் ஏறியது.

அந்தப் பக்கம் ஓரமாக நிறுத்தினார். சின்னவன் வேன் கதவை மாமாவுக்காகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். மாமா அந்தப் பக்கம் திரும்பாமல், லாரியின் கைப்பிடியைப் பற்றி, நல்ல காலை முதலில் வைத்து, முனகிக்கொண்டு ஏறினார்.

பெரிய மாப்பிள்ளை அவர் பக்கம் திரும்பினார். "மாமா..."

"சந்தோஷப்படாதே. உன்னை இனிமே தனியா விட முடியாது, அதனால ஏறியிருக்கேன்."

லாரி கிளம்பியது. பெட்டி மறுபடி பேசத் தொடங்கியது.

"அதை வாயை மூடச் சொல்லு" என்றார் மாமா.

சத்தத்தை நிறுத்தினார். லாரிக்குள் அப்படியொரு அமைதி அவருக்கே புதிதாக இருந்தது.

"பெரிய கண்ணாடி எல்லாத்தையும் உன்கிட்ட தனியாத்தானே குடுத்து அனுப்பினேன்? அவன் வளைவுல பிரேக்கைப் போட்டு மிதிக்கிறான். அவனுக்கு ஒரு போட்டோ சட்டத்தைக்கூட நம்பிக் குடுக்க முடியல. அதனால அவன்கூட ஏறினேன். உனக்குப் பக்கத்துல ஆள் வேணாம்னுதான் விட்டேன். நீ என்னன்னா..."

"அவன்கூட சிரிச்சுக்கிட்டே போறீங்க."

"ஆமா, சிரிக்கிறேன்" என்றார் மாமா. "அவன் வண்டில பேச்சு இருக்கு. வழி தெரிஞ்சாலும் மாமா எப்படிப் போகலாம்னு கேப்பான். உன் வண்டில நான் ஏதாச்சும் சொல்ல வாயைத் திறந்தா, அந்தம்மா பேசுதுன்னு கையைக் காட்டி என்னை நிறுத்துவே. நான் வாங்கிக் குடுத்த பெட்டிதானே, நான் யார்கிட்ட போயிச் சொல்ல?"

அப்படிக் கையைக் காட்டியது ஒன்றும் பெரிய மாப்பிள்ளையின் நினைவில் இல்லை. ஆனால் பொய்யாக இருக்காது என்று தோன்றியது. அந்தக் கையைத் தொடையின்மேல் வைத்துக்கொண்டார், பிறகு கியருக்குக் கொண்டுபோனார். "இங்க எப்படிப் போகலாம் மாமா?" என்று கேட்டார்.

"நேராப் போ. வேற வழியே இல்ல, ஒத்தைச் சாலை" என்றார் மாமா.

மாமாவின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்து, காதில் வைக்காமல், சத்தத்தைத் திறந்துவிட்டுக் கையில் பிடித்துக்கொண்டார்.

"மாமா, நீங்க இதுல வரலையா?" என்றது சின்னவன் குரல். "தண்ணி பாட்டில் இங்கயே இருக்கு. உங்க துண்டும் இங்கதான் இருக்கு."

"இருக்கட்டும். நீ வழியக் காட்டிக்கிட்டு முன்னாடி போ."

"இல்ல மாமா, திரும்பி வரும்போதாவது..."

"அதை வரும்போது பாப்போம்."

"சரி மாமா" என்றான். அந்த 'சரி'க்குள் ஒரு கீறல் விழுந்திருந்தது. வேறு யார் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது. பெரிய மாப்பிள்ளைக்கு அது நன்றாகத் தெரிந்த சத்தம். அவருடைய சொந்தச் சத்தம் அது.

முன்னால் போன வேன் காரணமே இல்லாமல் வேகத்தைக் குறைத்தது. பக்கவாட்டுக் கண்ணாடியில் சின்னவனின் முகம் சின்னதாகத் தெரிந்தது. சாலையைப் பார்க்காமல் லாரிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தது. ஐயோ பாவம் என்று பெரிய மாப்பிள்ளைக்குத் தோன்றியிருக்க வேண்டும். உடனே தோன்றவில்லை. முதலில் ஒரு சுகம் வந்தது, தொண்டை வரைக்கும் இனித்தது. அதை முழுசாக அனுபவித்து முடித்துவிட்டுத்தான் பாவம் என்று நினைத்தார்.

நினைத்ததும் மெல்ல ஒருமுறை ஹாரனைத் தட்டினார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, முன்னாடி பார்த்து ஓட்டு தம்பி என்று சைகை காட்டினார்.

"வளைவு வருது, மிதிக்கப் போறான் பாரு" என்றார் மாமா.

வேனின் சிவப்பு விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. மாமா சிரித்துவிட்டார். கோபத்தோடு கோபமாக, அடக்கப் பார்த்து முடியாமல், வயிறு குலுங்கச் சிரித்தார். பெரிய மாப்பிள்ளை லாரியை மெதுவாக வளைவில் திருப்பினார்.